மகள் மக்களான கதை: மெக்கானிக்கல் விசைப்பலகையுடன் மூன்று ஆண்டுகள்

அருவங்காட்டிலுள்ள நண்பரின் மகன் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கத் தொடங்கியிருக்கிறான். ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனிச் சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்கலாமா, வாங்கினால் எதில் தொடங்குவது என்று சென்ற வாரம் என்னிடம் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. என் பலகையின் 'க' விசையைப் பிடுங்கி, அதனடியில் இருந்த சுவிட்சை நான்காம் முறையாகப் பிரித்து மேசைமேல் பரப்பியிருந்தேன். வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். இது சற்று ஆறிய பிறகு எழுதுவது. முழுதும் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

குன்னூரில் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். அழைப்பிதழ், துண்டறிக்கை, சங்க மலர் என்று நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் தமிழ்த் தட்டச்சு இருக்கும். பலகை 87 விசைகள் கொண்டது, சாலிடரைத் தொடாமல் சுவிட்சைப் பிடுங்கி வேறொன்றைச் செருகக்கூடிய 'ஹாட் ஸ்வாப்' வகை, பழுப்புச் சுவிட்சுகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் 6,500 ரூபாய் கொடுத்தேன். மற்ற விவரங்கள் எந்த விற்பனைப் பக்கத்திலும் கிடைக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. ரப்பர்த் தகடு வைத்த சாதாரணப் பலகையில் விசையை அடிமட்டம் வரை அழுத்தினால்தான் எழுத்து விழும். இதில் விசை கீழிறங்கும் நான்கு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பாதி வழியிலேயே எழுத்து பதிந்துவிடுகிறது. பழுப்புச் சுவிட்ச் என்பதால் அந்த இடத்தில் விரலுக்கு ஒரு சிறு மேடு தட்டுப்படுகிறது. மேட்டைத் தாண்டியதும் விரலை எடுத்துவிடலாம் என்று கை கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. கற்றுக்கொண்ட பிறகு மாலையில் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் வழக்கம் நின்றுபோனது. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் அடிப்பவருக்கு இந்தச் சுகம் இரட்டிப்பு. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என்று முப்பத்தொரு விசைகளில் தமிழின் எல்லா எழுத்துகளும் அடங்கிவிடுவதால் 'ஷிப்ட்' பக்கமே போகாமல் பக்கம் பக்கமாக அடிக்கலாம். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய் என்று இரு கைகளும் மாறி மாறி இயங்கும்போது எழும் ஓசைக்காகவே சில நாள் தேவையில்லாததையும் அடித்திருக்கிறேன்.

தொல்லை வந்ததும் அந்தத் தமிழ்99 வழியாகத்தான். அதில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதலாவதன்மேல் தானாகவே புள்ளி விழும். 'பக்கம்' என்று அடிக்கப் புள்ளி விசையைத் தேட வேண்டாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் சுவிட்ச் பழுதாகி, ஒருமுறை அழுத்தியதை இருமுறையாகக் கணினிக்குச் சொல்லத் தொடங்கினால் அந்த வசதியே எமனாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அடிப்பவனுக்கு 'எச்' இரண்டாக விழுந்தால் கண்ணில் குத்தும். தமிழிலோ ஒற்று மிகுந்த இன்னொரு நல்ல சொல் முளைத்து, அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது. 'பாதி' பாத்தி ஆகிறது, 'கடை' கட்டை ஆகிறது. பிழைதிருத்தி மென்பொருள் எதையும் காட்டாது. அதன் கண்ணுக்கு எல்லாமே சரியான தமிழ்.

சென்ற ஐப்பசியில் ஒரு காதணி விழா அழைப்பிதழ். 'எங்கள் அன்பு மகள்' என்று அடித்தேன். 'எங்கள் அன்பு மக்கள்' என்று விழுந்திருக்கிறது. மக்கள் என்றால் பிள்ளைகள் என்றும் பொருள் உண்டல்லவா, படித்துப் பார்த்தபோது என் கண்ணும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இருநூறு பிரதி அச்சாகி, மடித்து, மஞ்சள் தடவி வீட்டுக்குப் போன பிறகு அந்தத் தகப்பனார் ஓர் அட்டையுடன் திரும்பி வந்தார். "எனக்கு ஒரே பொண்ணுங்கண்ணா. மக்கள்னு போட்டா ஊர்ல என்ன நினைப்பாங்க?" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் சிரித்தார். மறு அச்சு என் செலவு.

எந்தச் சுவிட்சிலும் உள்ளேயிருக்கும் உலோகத் தகடுகள் தொடும்போது சில மில்லிநொடிகள் துள்ளத்தான் செய்யும். அந்தத் துள்ளலைப் பொருட்படுத்தாமல் சிறிது நேரம் காத்திருக்கும்படி பலகைக்குள் இருக்கும் நிரலை எழுதியிருப்பார்கள். கியூஎம்கே என்ற திறந்த மூல நிரலில் இயல்பாக அது 5 மில்லிநொடி. தகட்டில் அழுக்கோ துருவோ படிந்தால் துள்ளல் அதையும் தாண்டி நீள்கிறது, ஓர் எழுத்து இரண்டாகிறது. பழுது சுவிட்சிலா, அதைச் செருகும் குழியிலா என்று பார்க்க, வேலையே இல்லாத 'ஸ்க்ரோல் லாக்' விசையின் சுவிட்சைக் கழற்றி 'க'வில் செருகினேன், 'க'வினுடையதை அங்கே செருகினேன். 'க' அடங்கிவிட்டது, எனவே பழுது சுவிட்சில்தான். மூன்று வாரம் கழித்து 'த' துள்ளத் தொடங்கியது.

பெட்டியின்மேல் ஐந்து கோடி அழுத்தம் தாங்கும் என்று அச்சிட்டிருந்தார்கள். அவர்களைத் திட்டித் தீர்த்திருப்பேன், ஒரு நினைவு மட்டும் தடுக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் எல்லோரையும் போல நானும் வாங்கிய மாதமே சுவிட்சுகளைப் பிரித்து மசகு பூசினேன். ஓசை மென்மையாகும் என்று காணொளி காணொளியாகப் பார்த்துவிட்டு, கிரைடாக்ஸ் 205ஜி0 என்ற மசகு ஒரு சிறு டப்பா வரவழைத்து, மூன்று இரவுகள் தூரிகையும் கையுமாக உட்கார்ந்து 87 சுவிட்சுகளுக்கும் பூசினேன். விசையோடு கீழிறங்கும் தண்டின் பக்கவாட்டில் மட்டும் மெல்லப் பூச வேண்டும், தகட்டின்மேல் படக்கூடாது என்பது பிறகு தெரிந்தது. முதல் இரவு பூசியவை எவை என்று குறித்து வைக்கவில்லை.

இப்போது 'க'வின் சுவிட்சைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தால் செம்புக் கலவைத் தகட்டின் முனையில் இளம்பச்சையாய் ஏதோ தெரிகிறது, அதையொட்டி வெண்மையாய்க் குழைந்த ஏதோ. தமிழில் இரண்டுக்கும் களிம்பு என்றே பெயர். செம்பில் ஏறியதும் களிம்பு, நான் பூசியதும் களிம்பு. செம்பும் களிம்பும் உடன்பிறந்தவை என்று சைவ சித்தாந்திகள் ஆணவத்துக்கு உவமை சொல்வார்கள். என் ஆணவம் தூரிகையால் பூசியது.

இந்த ஊரின் பங்கையும் விட்டுவிட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிடும் மலையில், கேமரா வைத்திருப்பவர்கள் அலமாரிக்குள் பல்பு எரியவிடுவது ஏன் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. நானும் இரவில் பலகையை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறேன். துள்ளிய சுவிட்சுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்துப் பூட்டினேன். நிரலில் காத்திருப்பு நேரத்தை 20 மில்லிநொடியாக உயர்த்தினேன்; எந்த விரலும் ஒரே விசையை அத்தனை விரைவாக இருமுறை அழுத்தாது என்பதால் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. முக்கால்வாசி தொல்லை அதோடு போனது. மீதிக் கால்வாசி மழை நாள்களில் வருகிறது. அதனால் 'க'வும் 'த'வும் வரும் இடங்களையெல்லாம் இப்போது சத்தமாக வாசித்துச் சரிபார்க்கிறேன். கடைக்கு வருபவர்கள் நான் ஏதோ பாராயணம் செய்வதாக நினைக்கிறார்கள்.

தம்பிக்கு என் பதில் இது. மலையில் இருந்துகொண்டு, பிழைப்பே தட்டச்சாக இருந்தால், வேண்டாம். அறுநூறு ரூபாய்ப் பலகை ஒன்று வாங்கி, கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிடு. வாங்கியே தீருவேன் என்றால் ஹாட் ஸ்வாப் இல்லாததைத் தொடாதே, முதல் ஆண்டு தூரிகையை வீட்டுக்குள்ளேயே விடாதே.

நான் போன திங்களன்று முப்பத்தைந்து புதுச் சுவிட்சுகளுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். தமிழுக்கு முப்பத்தொன்று, கைவசம் நான்கு. பொதி மேட்டுப்பாளையம் வரை வந்துவிட்டதாகக் காட்டுகிறது, மண்சரிவு இல்லையென்றால் நாளை மேலே வரும்.