மாலத்தீவு டூர் புக் பண்றவங்க கவனத்துக்கு: 46,000 ரூபாய் போச்சு

கொதிப்பு அடங்கறதுக்குள்ள எழுதிடறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்க இருந்தாலும் சரி, மாலத்தீவு போறதுக்கு உள்ளூர் டிராவல் ஏஜென்ட் கையில பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. கடை பேரைப் போடலை, புகார் போயிருக்கு. எதையெல்லாம் பார்க்கணும்னு கடைசியில சுருக்கமா தர்றேன்.

டிக்கெட், ரூம் போக ரெண்டு பேருக்கு அந்த ஆளு தனியா போட்ட கணக்கு இது: விசா ஃபீஸ் 9,000. வருகைப் படிவம் நிரப்ப 3,000. ஏர்போர்ட்ல இருந்து ரிசார்ட்டுக்கு ஸ்பீட்போட், போக வர 34,000. ஆக 46,000. மூணுமே பித்தலாட்டம்.

மாலத்தீவுக்கு டூரிஸ்ட் விசா முன்கூட்டி எடுக்கவே வேண்டாம். போய் இறங்கினதும் இலவசமா முத்திரை குத்தித் தர்றாங்க. பாஸ்போர்ட், திரும்பி வர்ற டிக்கெட், தங்குற இடத்தோட புக்கிங், இதைத்தான் பார்ப்பாங்க. இல்லாத ஒண்ணுக்கு 9,000 வாங்கியிருக்கான்.

படிவம் கதை இன்னும் மோசம். அதுக்குப் பேரு ஐமுகா. அந்த நாட்டு குடிவரவுத் துறை தளத்துல நாமே போன்ல நிரப்பிக்கலாம், பைசா கிடையாது. நம்ம மலைக்கு வர்றவங்க எடுக்கிற இ-பாஸ் மாதிரிதான், அதையும் காசுக்கு விக்கிற புரோக்கருங்க இருக்காங்கல்ல? ஆனா ஐமுகாவை விமானம் கிளம்பறதுக்கு முந்தின 96 மணி நேரத்துக்குள்ளதான் போட முடியும். இவன் ரெண்டு வாரம் முன்னாடியே "முடிஞ்சுது சார்"னு ஒரு பிடிஎஃப் அனுப்பினான். அதுல க்யூஆர் கோடே இல்லை. கொச்சி ஏர்போர்ட்ல செக்-இன் வரிசையில நின்னு, பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுத்து, மறுபடி முதல்ல இருந்து நிரப்ப வேண்டியதாயிடுச்சு. திரும்பும்போதும் ஒண்ணு நிரப்பணும், அதை அவன் சொல்லவே இல்லை.

பெரிய அடி ஸ்பீட்போட். அந்த ஊர்ல ரிசார்ட் ஒவ்வொண்ணும் தனித் தீவு. வெலானா ஏர்போர்ட்ல இறங்கி ரிசார்ட் கவுன்ட்டர்ல பேரைச் சொன்னா, லிஸ்ட்டைப் பார்த்துப் படகுல ஏத்துவாங்க. எங்க பேரு லிஸ்ட்ல இருந்துச்சு, படகுக்கான கட்டம் மட்டும் காலி. அதே காசை டாலரா இன்னொரு தடவை கட்டினாத்தான் படகு.

எப்படி நம்பவெச்சான் தெரியுமா? டீயும் வர்க்கியும் வரவழைச்சு, மாமியார்கிட்ட எந்த ஹட்டி (படுகர் ஊர்), யார் வீடுன்னு படுகு பாஷையிலயே விசாரிச்சு, சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்து பேசினான். அப்புறம் வவுச்சர் நீட்டினான். அதுல ரூம்னு போட்ட லைனுக்கு எதிரே ரிசார்ட் கொடுத்த கன்ஃபர்மேஷன் நம்பர் நிஜமாவே இருந்துச்சு. கீழே படகுன்னு போட்ட லைனுக்கு எதிரே நம்பர் இல்லை, "சேர்த்தி"ன்னு ஒரு வார்த்தை, மேல ஊதா ரப்பர் ஸ்டாம்ப். உண்மையான ஒரு லைனை மேல வெச்சு, பொய்யை அதுக்குக் கீழே ஒட்டறான். நீங்க ரிசார்ட்டுக்கு போன் பண்ணி ரூம் இருக்கான்னு கேட்டா இருக்குன்னுதான் சொல்வாங்க. படகைத் தனியா கேட்கணும்.

"வரியெல்லாம் சேர்த்துதான்"னு சொன்னதும் பொய். ரிசார்ட்ல கிரீன் டாக்ஸ்னு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், ஜனங்க வாழற தீவுகள்ல இருக்கிற சின்ன கெஸ்ட் ஹவுஸ்னா 6 டாலர். சாப்பாட்டு பில்லுல சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், ஜிஎஸ்டி 17 சதவீதம் ஏறும். இதெல்லாம் அந்த 46,000-ல சேராது, தனி.

திரும்பி வந்து கேட்டா? முதல்ல "ரிசார்ட்காரன் தப்பு, மெயில் போட்டிருக்கேன்." அப்புறம் "ஓனர் மேட்டுப்பாளையம் இறங்கியிருக்காரு." அப்புறம் "மலர் கண்காட்சி முடியட்டும் சார், சீசன் நேரம்." இப்போ மெசேஜ்ல ரெண்டு நீல டிக், பதில் இல்லை. 46,000 ரூபாய்க்கு பில்லும் கிடையாது. ஒருத்தரோட சொந்த ஜிபே நம்பருக்குத்தான் போயிருக்கு.

விவரமா எழுத இப்போ மனசில்லை, முக்கியமானது மட்டும். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விக்கிறவன் டிசிஎஸ் (விக்கும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடிக்கணும், அதுக்கு பான் நம்பர் கேட்டே ஆகணும். கேட்கலைன்னா எழுந்து வந்துடுங்க. படகுக்கோ சீப்ளேனுக்கோ (தண்ணியில இறங்கற சின்ன விமானம்) ரிசார்ட்டே அனுப்பின மெயிலைக் காட்டச் சொல்லுங்க. சீப்ளேன் பகல்லதான் பறக்கும், சாயங்காலம் இறங்கற டிக்கெட்டோட அதைத் தலையில கட்டினா வாங்காதீங்க. பெட்டியில சின்ன சாமி சிலை, சரக்கு பாட்டில் எதுவும் வேண்டாம், கஸ்டம்ஸ்ல எடுத்துக்குவாங்க. ஏமாந்திருந்தா 1915-க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) கூப்பிட்டுப் புகார் நம்பர் வாங்கிக்குங்க, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அழிச்சிடாதீங்க.