பிஎச் 7.2-க்கு எந்தப் பஃபர்? பாஸ்பேட், டிரிஸ், ஹெப்பிஸ்

புரதத்தோடோ செல்லோடோ வேலை செய்யும் ஆய்வகங்களில் பிஎச்சை (அமிலத்தன்மையின் அளவை) அதிகம் மாறவிடாமல் தாங்கும் பஃபர்களான பாஸ்பேட், டிரிஸ், ஹெப்பிஸ் மூன்றும் அநேகமாக ஒரே அலமாரியில்தான் இருக்கும். செய்முறைத் தாளில் "50 மில்லிமோலார் பஃபர், பிஎச் 7.2" என்று மட்டும் இருந்தால், பல மாணவர்கள் கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்துக் கலக்கி, மீட்டரில் 7.2 வந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள். மீட்டரைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான். அமிலம் சேரும்போதுதான் சாயம் வெளுக்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். வெறும் தண்ணீர் 1 லிட்டரில் 5 மில்லிமோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பிஎச் 7-லிருந்து 2.3-க்கு விழுந்துவிடும். அதே அளவு அமிலத்தை, 25 டிகிரியில் 7.2-இல் வைத்த 50 மில்லிமோலார் பாஸ்பேட்டில் விட்டால் 7.02-இல் நிற்கும். ஹெப்பிஸில் 6.98. டிரிஸ்ஸில்? 6.35! ஒரே செறிவு, ஒரே தொடக்க பிஎச், ஆனாலும் டிரிஸ் மட்டும் கிட்டத்தட்ட 0.85 அலகு சரிந்துவிட்டது.

காரணம் சிக்கலானதில்லை. பஃபர் என்பது வலிமை குறைந்த ஓர் அமிலமும் அதன் இணை காரமும் சேர்ந்த ஜோடி. வெளியிலிருந்து புரோட்டான் வந்தால் காரப் பகுதி அதைப் பிடித்துக்கொண்டு அமிலப் பகுதியாக மாறுகிறது. காரம் வந்தால் அமிலப் பகுதி தன் புரோட்டானைக் கொடுத்து அதை அடக்குகிறது. பிஎச்சைத் தீர்மானிப்பது இரண்டுக்கும் உள்ள விகிதம், அதுவும் விகிதத்தின் மடக்கை. லாரன்ஸ் ஹென்டர்சன் 1908-இல் கொடுத்த தொடர்பைப் பிற்பாடு ஹாசல்பால்க் மடக்கை வடிவில் எழுதினார்: பிஎச் = பிகேஏ + மடக்கை (காரம் ÷ அமிலம்). பிகேஏ என்பது இரண்டும் சரிபாதியாக இருக்கும் பிஎச். மடக்கை என்பதால்தான் விகிதம் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும்வரை பிஎச் லேசில் நகராது. ஒரு பக்கம் காலியாகத் தொடங்கினால் மளமளவென்று ஓடும்.

பாஸ்பேட் ஒன்றுக்கு மேற்பட்ட புரோட்டானைக் கொடுக்கும்; அதன் இரண்டாவது பிகேஏ 7.20. அதனால் 7.2-இல் 25 மில்லிமோலார் காரம், 25 மில்லிமோலார் அமிலம் என்று சரிபாதி. ஐந்து போனால் 20-க்கு 30, அவ்வளவுதான். டிரிஸ்ஸின் பிகேஏ 8.07. அதை 7.2-க்கு இறக்கும்போதே நாம் பெரும்பகுதியை அமில வடிவத்துக்கு மாற்றிவிட்டோம். புரோட்டானைப் பிடிக்க மிச்சம் இருப்பது ஏறக்குறைய 6 மில்லிமோலார், அதில் ஐந்து போய்விட்டால் என்ன இருக்கும்? எதிர்ப்பக்கம் 44 மில்லிமோலார் இருப்பதால் காரம் உருவாகும் வினைக்கு டிரிஸ்ஸிடம் நிறையக் கையிருப்பு உண்டு என்று வாதிடலாம். ஆனால் செல் வளர்ப்பிலும் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவாகும் வினைகளிலும் பெரும்பாலும் சேருவது அமிலம்தான். 7.2-க்கு டிரிஸ் தவறான தேர்வு என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் பாஸ்பேட்தானே ஜெயித்தது? தாங்கும் திறனில், ஆமாம். விலையும் குறைவு, வெப்பநிலைக்கும் அசைந்துகொடுக்காது, டிகிரிக்கு 0.003 அளவுதான் மாறும். ஆனால் கால்சியம் உள்ள கரைசலில் அதை ஊற்றினால் கலங்கி வீழ்படிவு வரும்; மக்னீசியத்தோடும் ஒட்டும். பாஸ்பேட்டைக் கையாளும் நொதிகளுக்கு, உதாரணமாகக் கைனேஸ்களுக்கும் பாஸ்பட்டேஸ்களுக்கும், அதுவே தடையாக நிற்கலாம். நீர்க்கும்போதும் அதன் பிஎச் நகரும்: பத்து மடங்கு அடர்த்தியான பிபிஎஸ் (உப்பு சேர்த்த பாஸ்பேட் பஃபர்) 6.8 அருகில் காட்டுவதைப் பார்த்துப் பதறி அதில் காரம் விடுபவர்கள் உண்டு, விடாதீர்கள், நீர்த்தபின் அது தானாகவே 7.4 பக்கம் வந்துவிடும்.

பாஸ்பேட்டைப் பற்றி அதிகம் பேசப்படாத ஆபத்து உறைய வைப்பதில் இருக்கிறது. சோடியம் பாஸ்பேட் கரைசல் உறையும்போது டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், அதாவது காரப் பகுதி, முதலில் படிகமாகி வெளியேறிவிடும். மீதமுள்ள உறையாத திரவத்தில் அமிலப் பகுதி மட்டும் ஓங்கி நிற்க, பிஎச் 4 வரைகூடச் சரியலாம். அமிலம் தாங்காத புரதத்தை அதில் போட்டு உறையவைத்துவிட்டு, உருக்கியபின் செயல்திறன் போய்விட்டதே என்று புரதத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

டிரிஸ்ஸின் பெரிய பலவீனம் வெப்பநிலை. வெப்பநிலை ஏற ஏற, பிஎச் டிகிரிக்கு 0.028 இறங்கும். அறையில் 25 டிகிரியில் 8.0 வைத்துவிட்டுக் குளிரறைக்கு எடுத்துப்போனால் 4 டிகிரியில் அது 8.6. டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வேலைக்கான பஃபரில் 8.3 என்று எழுதியிருப்பதும் அறை வெப்பநிலைக்குத்தான். 72 டிகிரியில் அது 7-ஐ ஒட்டி வந்துவிடும், அங்கே அதைக் கணக்கில் வைத்தே எல்லாம் அமைத்திருக்கிறார்கள். போதாததற்கு டிரிஸ்ஸில் ஒரு முதன்மை அமீன் தொகுதி இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு கொண்டு திசுவை நிலைப்படுத்தும்போதும், அமீனைக் குறிவைத்துப் புரதத்தில் சாயம் ஒட்டும்போதும், வினைப்பொருளை டிரிஸ்ஸே தின்றுவிடும். ஆனால் பிஎச் 8 பக்கம் டிஎன்ஏ வேலை, எலக்ட்ரோபோரெசிஸ் (மின்புலத்தில் மூலக்கூறுகளைப் பிரிப்பது) என்றால் அதை அசைக்க முடியாது. மலிவு, நன்றாகக் கரையும், பிகேஏவும் அங்கேதான் இருக்கிறது.

ஹெப்பிஸ் உயிரியலுக்கென்றே தேடி உருவாக்கிய பொருள். நார்மன் குட்டும் கூட்டாளிகளும் 1966-இல் வெளியிட்ட பட்டியலில் வந்தது: பிகேஏ 6-க்கும் 8-க்கும் இடையில் இருக்க வேண்டும், செல் சவ்வைக் கடக்கக் கூடாது, உலோக அயனிகளோடு அதிகம் ஒட்டக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போட்டுத் தேடினார்கள். ஹெப்பிஸின் பிகேஏ 25 டிகிரியில் ஏறக்குறைய 7.5, 37 டிகிரியில் 7.3 வாக்கில். கால்சியம், மக்னீசியம் தேவைப்படும் நொதி வேலைக்கு என் தேர்வு இதுதான், விலை கூடுதல் என்றாலும். வெளிச்சத்தில் மட்டும் கவனம் வேண்டும்: ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) உள்ள ஊடகத்தில் ஹெப்பிஸ் சேர்த்து ஒளி படும்படி வைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகி செல்களைப் பாதிக்கும். லோரி முறையில் புரதம் அளப்பவர்களுக்கு டிரிஸ்ஸும் சரி, ஹெப்பிஸும் சரி, குறுக்கே வரும்.

பிகேஏவை மட்டும் பார்த்து பஃபர் தேர்ந்தெடுத்தால் நம் ரத்தமே தேறாது. பைகார்பனேட் ஜோடியின் பிகேஏ 6.1; ரத்தத்தின் பிஎச் 7.4, விகிதம் 20-க்கு 1. மூடிய குடுவையில் அது மோசமான பஃபர். ஆனால் உடலில் அது திறந்த அமைப்பு: அமிலம் சேர்ந்து உருவாகும் கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் வெளியேற்றிவிடுகிறது, பைகார்பனேட்டைச் சிறுநீரகம் ஈடுகட்டுகிறது. செல் வளர்ப்பு இன்குபேட்டரில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு வைப்பதும் இந்தச் சமநிலைக்காகத்தான். தட்டை வெளியே எடுத்தால் வாயு பறந்து பிஎச் ஏறும், ஊடகத்தில் பிஎச்சைக் காட்டும் சாயமான ஃபீனால் சிவப்பு இளஞ்சிவப்பாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மைக்ரோஸ்கோப்பின் கீழ் நெடுநேரம் வெளியே வைக்கும் வேலை இருந்தால், பைகார்பனேட்டை எடுத்துவிடாமல் 10 முதல் 25 மில்லிமோலார் ஹெப்பிஸும் சேர்த்து, பாட்டிலை ஃபாயிலில் சுற்றி வையுங்கள்.