லினக்ஸ் போடும்போது திரை கறுத்ததா? கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றும்போது திரை கறுத்துப்போகும் கம்ப்யூட்டர் பெட்டிகளை வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. அப்படி மாட்டிக்கொண்ட ஒரு பெட்டியின் கதை இது. கடையின் பெயர் வேண்டாம், முறை தெரிந்தால் போதும்.

கல்லூரி மாணவர் ஒருவரின் டெஸ்க்டாப். என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 1920×1080 மானிட்டர். விண்டோஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பென்டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டு பூட் செய்தார். மெனு வந்தது, என்டர் தட்டியதும் திரை கறுப்பு. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். "கார்டு போயிடுச்சு தம்பி, இதுக்கு லினக்ஸ் ஒத்து வராது" என்று சொல்லி, எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதைவிடப் பழைய, மட்டமான ஒரு ஜிடி 730 கார்டை மாட்டி, மேற்கொண்டு காசும் வாங்கி அனுப்பிவிட்டார்கள். பில்லில் 'கிராபிக்ஸ் கார்டு - 1' என்று மட்டும் இருக்கிறது. மாடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. படம் வந்துவிட்டதே என்று அவரும் நம்பிவிட்டார்.

படம் வந்ததற்குக் காரணமே வேறு. பயாஸ் லோகோவும் பூட் மெனுவும் தெரிகிறது என்றால் கார்டு, கேபிள், மானிட்டர் மூன்றும் உயிரோடுதான் இருக்கின்றன. அதற்குப் பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், கார்டை இயக்க 'நூவோ' என்ற திறமூல டிரைவரை ஏற்றித் திரையைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ளப் பார்க்கும். 1650 போன்ற கார்டுகளில் பல நேரம் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. பழைய சிப்கள் நூவோவுக்கு நன்றாகப் பழக்கம், அதனால் மட்டமான கார்டில் உடனே படம் வரும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பு குறைவு.

அந்த 730-இலும் ஒரு வில்லங்கம். ஒரே பெயரில் இரண்டு சிப்கள் விற்றன. 64 பிட் மெமரி உள்ளது கெப்ளர் என்ற தலைமுறை. 128 பிட் டிடிஆர்3 உள்ளது அதைவிடப் பழைய ஃபெர்மி. அட்டைப்பெட்டியில் பெரிய எண்ணைப் பார்த்து 128 தான் ஒசத்தி என்று எடுப்பவர்கள் ஏராளம். ஃபெர்மிக்கான கடைசி டிரைவர் 390 வரிசை, அதற்கான ஆதரவை என்விடியா 2022-ஓடு நிறுத்திவிட்டது. டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' (lspci) அடித்தால் தெரிந்துவிடும்: ஜிகே208 என்றால் கெப்ளர், ஜிஎஃப்108 என்றால் ஃபெர்மி. இவருக்கு வாய்த்தது ஜிஎஃப்108.

காசு செலவில்லாமல் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. உபுண்டு பூட் மெனுவிலேயே 'சேஃப் கிராபிக்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது, மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்'. அது இல்லாத லினக்ஸ் வகையில் மெனு வரியின் மேல் நின்று ஆங்கில 'இ' (e) விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில், 'குவயட் ஸ்பிளாஷ்' இருந்தால் அதற்குப் பின்னால், ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' சேருங்கள்: நோ, மோட், செட் மூன்று ஆங்கிலச் சொற்களும் ஒட்டி, சின்ன எழுத்தில் (nomodeset). கெர்னல் திரையைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ளாமல் இது தடுக்கும். எஃப்10 தட்டினால் பூட் ஆகும். இன்ஸ்டால் முடிந்து முதல்முறை ஏறும்போதும் திரை கறுக்கலாம். அப்போது எஸ்கேப் விசையை ஒரே ஒரு தடவை தட்டி 'கிரப்' எனப்படும் பூட் மெனுவை வரவழைத்து இதையே செய்யுங்கள். பலமுறை தட்டினால் வெறும் 'கிரப்' கட்டளை வரியில் போய் நிற்கும், 'நார்மல்' (normal) என்று அடித்து என்டர் தட்டியதும் உடனே ஒருதடவை எஸ்கேப் தட்டினால் மெனு திரும்பும்.

உள்ளே போனதும் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து என்விடியாவின் டிரைவரைப் போடுங்கள். மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்'. கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் 'செக்யூர் பூட்' ஆனில் இருந்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும், மறக்காதீர்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு நீலத் திரை சில நொடிகளே காத்திருக்கும். டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதியும் 'என்ரோல் மோக்' வரியைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது, 'கார்டு ஃபால்ட்' என்று மறுபடி கிளப்பிவிடுவார்கள்.

நோமோட்செட் தற்காலிக ஏற்பாடு மட்டும்தான். சில கடைகளில் அதை நிரந்தரமாக எழுதிவைத்தே பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பல நேரம் 1024×768 மட்டும் கிடைக்கும், செட்டிங்ஸில் வேறு ரெசல்யூஷனே இருக்காது, வீடியோ திணறும். அடுத்த வசனம் "பேனல் வீக்கு, புது மானிட்டர் வாங்கிடுங்க". வாங்குவதற்கு முன் ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற ஃபைலை (/etc/default/grub) திறந்து பாருங்கள். அந்தச் சொல் இருந்தால் எடுத்துவிட்டு, 'சூடோ அப்டேட்-கிரப்' ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் பிறகும் 1024-லேயே நின்றால் விஜிஏ கேபிளையோ எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வர்ட்டரையோ சந்தேகப்படலாம். மலிவுச் சரக்குகள் பல மானிட்டரின் விவரத்தைக் கார்டுக்குக் கடத்துவதே இல்லை. நேரடி எச்டிஎம்ஐ கேபிளில் ஒருதடவை பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், பெட்டியைக் கொடுக்கும் முன் கார்டின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து, ஜாப் கார்டிலும் எழுத வையுங்கள். "கார்டு போச்சு" என்றால் விண்டோஸிலோ வேறு பெட்டியிலோ மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றுவதானாலும் பழைய கார்டு உங்கள் கைக்கு வர வேண்டும். மாணவர் திரும்பப் போய்க் கேட்டபோது, எழுத்தில் ஒன்றும் இல்லாததால், "அது ஸ்கிராப்ல போயிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.