உறை எண் மாறாமல் தரவுத்தளம் மாறியது: அகோனாடி இடமாற்றக் கருவி பற்றிய மதிப்புரை

கல்லிடைக்குறிச்சியில் சில அப்பளக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதும் நான், அஞ்சல், முகவரி, ஜிஎஸ்டி தாக்கல் தேதி எல்லாவற்றையும் லினக்ஸ் கணினியில் கேமெயில் (மின்னஞ்சல்), கேஆர்கனைசர் (நாட்காட்டி) ஆகிய கேடிஇ மென்பொருள்களில்தான் வைத்திருக்கிறேன். இவற்றுக்கு அடியில் இருந்து தரவைக் கையாளும் சேவை அகோனாடி. ஐப்பசி மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு நாள், என் பழைய யுபிஎஸ் கைவிட்டதால், அகோனாடி எனக்கென்று தனியே இயக்கிவந்த மைஎஸ்கியூஎல் தரவுத்தள சர்வர் பாதியில் நின்றது. மறுபடி இயக்கியதும் தரவு சேதமின்றிக் கிடைத்தது. ஆனால் ஒருவர் மட்டும் புழங்கும் கணினிக்குத் தனி சர்வர் தேவையா என்று அன்றே யோசிக்கத் தொடங்கினேன். எஸ்கியூலைட் என்ற மாற்று மென்பொருளில் தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. தனியாக எழுப்ப வேண்டிய சர்வர் கிடையாது.

அகோனாடியின் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் போதும், அஞ்சல்கள் தாமாகவே திரும்ப இறங்கிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். அஞ்சல்கள் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அகோனாடி ஒவ்வொரு அஞ்சல் உறைக்கும் (ஃபோல்டர்) ஓர் எண் கொடுத்திருக்கிறது. வரும் அஞ்சலை உறை உறையாகப் பிரிக்கும் வடிகட்டி விதிகளும், அனுப்பிய அஞ்சல் எங்கே சேர வேண்டும் என்ற அமைப்பும் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தரவுத்தளம் புதிதாகப் பிறந்தால் எண்களும் புதிதாகும், விதிகள் வழி தெரியாமல் நிற்கும். இணையத்தில் உள்ள அஞ்சல் சர்வருக்கு இன்னும் போய்ச் சேராத மாற்றங்களும் அழிவோடு போய்விடும்.

அகோனாடி-டிபி-மைக்ரேட்டர் என்ற இடமாற்றக் கருவியை நான் மனமாரப் பாராட்டுவது இதனால்தான்: அது எண்களையும் சேர்த்தே புதிய தரவுத்தளத்துக்கு எடுத்துச் செல்கிறது. கேமெயிலை மூடி, அகோனாடியை நிறுத்தி, அது உண்மையில் நின்றுவிட்டதா என்று நிலை கேட்டு உறுதி செய்தபின், லோக்கல்/ஷேர் என்ற இடத்திலும் கான்ஃபிக் என்ற இடத்திலும் உள்ள அகோனாடி கோப்புறைகள் இரண்டையும் வெளி வட்டில் நகலெடுத்தேன். சர்வர் ஓடும்போது எடுக்கும் நகலை நம்ப முடியாது. பிறகு எஸ்கியூலைட்டுக்கு மாற்ற ஒரே கட்டளை.

இடமாற்றம் முடிந்ததும் “உளுந்து பில்” என்ற தலைப்பில் எனக்கே ஓர் அஞ்சல் அனுப்பிப் பார்த்தேன். அது நேராக உளுந்துக் கொள்முதல் உறைக்குள் போய் விழுந்தது. அனுப்பிய நகலும் வழக்கமான உறையிலேயே இருந்தது.

குறையும் உண்டு. எல்லாம் டெர்மினல் என்ற கட்டளைத் திரையில்தான் நடக்க வேண்டும். கட்டளை தட்டிப் பழகாதவர்களுக்குப் பொத்தான் வைத்த சாளரம் ஒன்று அவசியம். பழையதும் புதியதும் ஒருசேர இருக்கும் அளவுக்கு வட்டில் இடமும் வேண்டும். எஸ்கியூலைட்டுக்குப் பதிலாக போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள சர்வரையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அதன் பெரும்பதிப்பு மாறும்போதெல்லாம் தரவையும் மாற்றித் தர வேண்டியிருப்பதால், தனி ஆளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய மைஎஸ்கியூஎல் நகலை இன்னும் அழிக்கவில்லை. இரண்டு மாதத் தாக்கல் நினைவூட்டல்கள் தவறாமல் வந்த பிறகே அழிப்பதாக இருக்கிறேன்.