ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் ஜோடி: வீட்டிலேயே சீரமைத்து, வருடக்கணக்கில் கேட்ட பிறகு

ஏஆர்-3ஏ-வில் கை வைக்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இதன் வூஃபர், அதாவது கீழ் ஸ்வரங்களை ஒலிக்கும் பெரிய பாகம், வேண்டுமென்றே தொளதொளவென்று செய்யப்பட்டது. அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான். எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் தொடங்கிய அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தந்த யோசனை இது. 1967-இல் வந்த 3ஏ-வில் 12 அங்குல வூஃபர் பெட்டிக்கு வெளியே 18 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 18 அதிர்வு) அளவிலும், பெட்டிக்குள் 42 ஹெர்ட்ஸ் அளவிலும் ஒத்ததிரும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி முழுவதும் காற்றின் வேலை. பெட்டியில் கசிவு வந்தாலோ, வூஃபரின் விளிம்பில் விறைப்பான ஃபோம் ஒட்டினாலோ, உள்ளே இருக்கும் பஞ்சை மாற்றினாலோ, வெளித்தோற்றம் அப்படியே இருந்தாலும் அது 3ஏ-வாக ஒலிக்காது. "சர்வீஸ் செய்தது" என்று விற்பனைக்கு வரும் ஜோடிகளில் பாஸ் சப்பென்று இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

பெட்டி ஒவ்வொன்றும் 25 அங்குல உயரம், 14 அங்குல அகலம், ஏறத்தாழ 24 கிலோ. தூக்க இன்னொரு ஆள் வேண்டும்.

திறக்கும் முன் ஒரு சோதனை. பின்புறம் 1, 2, டி என்று மூன்று முனைகள் இருக்கும். ஆம்ப் ஒயர்கள் 1-லும் 2-லும் போகும். 2-ஐயும் டி-யையும் இணைக்கும் சிறிய உலோகத் தகடு இருந்தாக வேண்டும். அது தொலைந்துபோனதால் மேல் ஸ்வரங்கள் ஊமையாகி, ட்வீட்டர் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதப்பட்ட பெட்டிகள் நிறைய. அடுத்து, வால்யூமைக் குறைத்து வைத்து ஒவ்வொரு டிரைவரிடமும் (ஒலி எழுப்பும் பாகம்) காதைக் கொண்டுபோங்கள். மேல் ஸ்வரங்களுக்கான ட்வீட்டரும் நடு ஸ்வரங்களுக்கான மிட்டும் பேசாவிட்டால், அவற்றின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கப் பின்னாலுள்ள இரண்டு லெவல் திருகிகளையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருப்புங்கள். கரகரவென்று சத்தம் வந்து இடையிடையே உயிர் வந்தால், டிரைவர் நலம். திருகி பச்சை பிடித்திருக்கிறது.

பெட்டியின் பின்பலகை கழலாது. உள்ளே போக ஒரே வழி வூஃபர் துளைதான். திருகுகளை எடுத்த பிறகும் வூஃபர் அசையாது. சட்டத்துக்கு அடியில் பல வருடமாக இறுகிப்போன புட்டி அதைப் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய பட்டி பார்க்கும் தகட்டைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து நெம்புங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் தகடு வழுக்கி வூஃபரின் காகிதக் கூம்பான கோனில் இறங்கும். ஒயர்களைக் கழற்றும் முன் எந்த நிறம் எந்த முனையில் என்று படம் எடுத்து, வூஃபரின் மேல்பக்கத்தையும் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

உள்ளே மஞ்சள் நிறக் கண்ணாடிப் பஞ்சு இருக்கும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் தொட வேண்டாம். இடது பெட்டிப் பஞ்சையும் வலது பெட்டிப் பஞ்சையும் தனித்தனிப் பைகளில் போட்டு, எடை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் அதே பஞ்சு அப்படியே திரும்பப் போக வேண்டும். தலையணைப் பஞ்சையோ பாலியஸ்டரையோ அதே எடைக்குத் திணித்தால் கணக்கு மாறிவிடும்.

இப்போது வூஃபர். ஆரம்பகால 3ஏ-க்களில் சரவுண்ட், அதாவது கோனைச் சட்டத்தோடு இணைக்கும் விளிம்பு வளையம், துணியால் ஆனது. 1970-ஐ ஒட்டி ஃபோமுக்கு மாறினார்கள். துணிச் சரவுண்ட் கிழியாமல் இருந்தால் அதை ஒருபோதும் வெட்டி எறியாதீர்கள். அது காலத்தால் அழிவதில்லை. மேலே பூசிய பிசின் காய்ந்து காற்றுக் கசிகிறது, அவ்வளவுதான். பியூட்டைல் வகைச் சீலரை மெல்லிய பூச்சாக, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது என்று கொடுத்தால் போதும். ஃபெவிகால் துணியை அட்டைபோல ஆக்கிவிடும்; சிலிக்கோனும் வேண்டாம்.

ஃபோம் வேறு கதை. அது பாலியூரித்தேன், காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்பை மெதுவாக அறுத்துக்கொண்டே இருக்கும். தொட்டால் கருப்புப் பிசுக்காகவோ பொடியாகவோ கையில் வரும். ஸ்பீக்கர் பாடியதா, மூலையில் கிடந்ததா என்பதெல்லாம் இதற்குப் பொருட்டில்லை. மாற்று ஃபோம் வாங்கும்போது "12 அங்குலம்" என்று மட்டும் சொல்லி வாங்கினால் கார் சப்வூஃபருக்கான தடித்த ஃபோம் வந்து சேரும். ஏஆர் 12 அங்குல வூஃபருக்கென்றே வார்த்த மெல்லிய ஃபோம் கிடைக்கிறது. உள் விளிம்பின் சாய்வு கோனின் சாய்வோடு பொருந்த வேண்டும். கையில் பிடித்தால் துவண்டு விழ வேண்டும்.

பழைய ஃபோமை எடுப்பதுதான் பாதி வேலை. அவசரம் காட்டக் கூடாது. அது கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா பின்பக்கமா என்று முதலில் பாருங்கள், புதியதும் அங்கேதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பசையை ஊறவைத்து, நகத்தாலோ மழுங்கிய கத்தியாலோ உருட்டி எடுங்கள். தண்ணீர் வேண்டாம், அது கோனின் காகிதத்தை ஊறவைத்து உப்பவைக்கும். உலோகச் சட்டத்தில் பழைய பசை மேடு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருந்தாலும் ஃபோம் சாய்ந்து உட்காரும், கோனின் பின்னாலுள்ள கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் உரசும்.

பசைக்கு, காய்ந்தால் நிறமில்லாமல் போகும் வெள்ளைப் பிவிஏ வகை. ரப்பர் சொல்யூஷன் பட்டதும் பிடித்துக்கொள்ளும். நகர்த்தி மையப்படுத்த நேரமே தராது. சூப்பர் குளூ ஃபோமைக் கண்ணாடியாக்கி, அந்த விளிம்பிலேயே அடுத்த விரிசலை உண்டாக்கும். முதலில் கோன் பக்கம் மட்டும் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் சட்டத்துப் பக்கம். கோனின் நடுவிலுள்ள மூடியான டஸ்ட் கேப்பை வெட்டி, காயிலுக்கும் மையத் தூணுக்கும் நடுவே பிளாஸ்டிக் பட்டைகள் செருகி மையப்படுத்தும் முறையும் உண்டு. ஆனால் அப்படி வெட்டினால் புதிய கேப்பைக் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டிய வேலை கூடுதலாக வரும். எங்கள் தேர்வு கேப்பைத் தொடாத முறை: பசை ஈரமாக இருக்கும்போதே 30 ஹெர்ட்ஸ் தொனியை மிகக் குறைந்த வால்யூமில் கொடுத்து, கோன் ஆடும்போது உரசல் கேட்கிறதா என்று காது வைத்து, உரசும் பக்கத்தை விரலால் மெல்ல நகர்த்துவது. சத்தம் முற்றிலும் சுத்தமான பிறகே துணி கிளிப்புகளால் சுற்றிலும் கவ்வவும்.

காய்ந்த வூஃபரை மேசையில் நிமிர்த்தி வைத்து அளந்துவிடலாம். 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, தொனியை 10 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றி, வூஃபர் முனைகளில் ஏசி வோல்ட் எங்கே உச்சம் போகிறது என்று பாருங்கள். 18 முதல் 22 ஹெர்ட்ஸுக்குள் வந்தால் அருமை. 30-க்கு மேல் போனால் தவறான ஃபோம். கழற்றி மறுபடி ஒட்டுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. பெட்டிக்குள் வைத்தும் அளக்க விரும்பினால் பின்முனைகளில் அளக்காதீர்கள்; ஒலியை மூன்று டிரைவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சுற்றில் வூஃபரோடு இணையாக இருக்கும் 150 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் உச்சத்தை இடம் மாற்றிக் காட்டும். வூஃபரிலிருந்து மெல்லிய ஒயரைப் புட்டி வழியாக வெளியே எடுத்து நேரடியாக அளக்க வேண்டும்.

கெப்பாசிட்டர்கள் மூன்றே மதிப்புகள்: ட்வீட்டருக்கு 6, மிட்டுக்கு 50, வூஃபருக்கு 150 மைக்ரோஃபாரட். ஒரு முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு அளந்தால் பழையவை பெரும்பாலும் எழுதியதைவிடக் கூடுதலாகக் காட்டும். 6-க்குப் பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் வகை போடலாம், விலை அதிகமில்லை. 50-க்கும் 150-க்கும் 100 வோல்ட் நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக் போதும். சரியான மதிப்பு கிடைக்காவிட்டால் 47-ஐயும் 3.3-ஐயும் இணையாகப் போட்டால் 50.3; மூன்று 47-களோடு ஒரு 10 சேர்த்தால் 151. இவை சென்னை ரிச்சி தெரு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் தேடக்கூடிய சாதாரண மதிப்புகள்தான். பவர் சப்ளைக்கான சாதாரண போலார் கெப்பாசிட்டரைப் போடவே கூடாது. 150-க்குக்கூட விலை உயர்ந்த ஃபிலிம் வாங்குவோர் உண்டு. அந்தப் பணத்தை ட்வீட்டருக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

லெவல் திருகிகள்தான் இந்த மாடலின் நிரந்தர நோய். 15 ஓம் கம்பிச் சுற்றுப் பொட்டென்ஷியோமீட்டர். ஈரத்தில் தொடுமுனை பச்சை பூத்துவிடும். கழற்றி, பின்மூடியைத் திறந்து, வினிகரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, கழுவி, நன்றாக உலர்த்தி, கம்பிச் சுற்றின் மேல்முகத்தை மிக நுண்ணிய உப்புத்தாளால் ஒரே ஒரு முறை வருடி, காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு. கம்பி அறுந்திருந்தால்தான் மாற்று. பலரும் 8 ஓம் எல்-பேட் (இன்னொரு வகை ஒலியளவுத் திருகி) போட்டுவிடுகிறார்கள். அது ஒன்றுக்கொன்று சமமான மாற்று அல்ல. மூலத் திருகியை முழுதாகத் திறந்தாலும் அதன் 15 ஓம் டிரைவருக்கு இணையாக நின்றுகொண்டே இருக்கும்; கிராஸ்ஓவர் அந்தச் சுமையையும் சேர்த்தே கணக்கிடப்பட்டது. எல்-பேடை முழுதாகத் திறந்தால் அந்த இணைச் சுமை மறைந்து, வூஃபர், மிட், ட்வீட்டர் பிரியும் 575, 5000 ஹெர்ட்ஸ் எல்லைகள் நகர்ந்துவிடும். எல்-பேட்தான் வழி என்றால் அதன் உள்ளீட்டுக்கு இணையாக 25 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று சேர்க்கவும்.

முக்கால் அங்குல ட்வீட்டரின் உள்ளிருந்து வரும் ஒயர் முடியைவிடச் சற்றே தடிமன். அதைத் தேவையின்றிக் கழற்ற வேண்டாம். டோமைச் சுற்றித் தாங்கும் சிறு ஃபோம் பொட்டுகளும் வயதானால் தளரும் அல்லது இறுகும்; ஒரு பக்க ட்வீட்டர் மட்டும் மங்கலாக ஒலித்தால் காரணம் அதுவாக இருக்கலாம். இதை வீட்டில் சரிசெய்வது கடினம். திறமையான ஒருவரிடம் கொடுத்துப் புதுப்பிப்பதே நல்லது. மிட் டோமின் வலைக்குள்ளே உள்ள பஞ்சு அழுக்கு அல்ல, எடுக்காதீர்கள்.

மூடும்போது பழைய புட்டியை முழுதும் சுரண்டிவிட்டு, எப்போதும் இறுகாத மென்புட்டியைக் கயிறாகத் திரித்துச் சுற்றிலும் வையுங்கள். கல்லாக இறுகும் எபாக்சி மாவு வைத்தால் அடுத்த முறை வூஃபரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கோனுக்கும் பஞ்சுக்கும் நடுவே மெல்லிய வலைத்துணி ஒன்று இருக்கட்டும். திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிறகு டஸ்ட் கேப்பைத் தொடாமல், அதைச் சுற்றி விரல்களைச் சமமாக வைத்து கோனை உள்ளே அழுத்தி விடுங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம். சட்டென்று துள்ளினால் கசிவு. திருகியின் தண்டும் பின்முனைகளும் சந்தேகத்துக்குரிய முதல் இடங்கள்.

நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிவது: புதிய ஃபோம் முதல் சில வாரங்களில் தளர்ந்து பாஸ் இன்னும் கீழே இறங்கும், அதனால் முதல் நாளே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கெப்பாசிட்டர்கள் தொந்தரவு தருவதில்லை. திருகிகள் தரும். மாதத்துக்கு ஒருமுறை கோடிக்குக் கோடி நான்கைந்து தடவை திருப்பினால் பச்சை சேராது. கடலோர ஊர்களின் ஈரத்தில் ஃபோமின் ஆயுள் குறையும். மழைக்காலத்தில் அறையை அடைத்து வைக்காதீர்கள், வெயில் நேராக விழும் இடத்திலும் வைக்காதீர்கள். வால்நட் மேற்பரப்புக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும், வார்னிஷ் வேண்டாம். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானே தீப்பற்றக்கூடும், விரித்துக் காயவையுங்கள்.

ஒலி எப்படி? மிருதங்கத்தின் தொப்பியும் பைப் ஆர்கனின் கீழ் ஸ்வரமும் கனம் குன்றாமல் வருகின்றன. ஊதிப் பெருக்காத, சிதைவு குறைந்த பாஸ் இது. மேல் ஸ்வரங்கள் இன்றைய ஸ்பீக்கர்களைவிட அடக்கம். இரண்டு திருகிகளையும் அவற்றின் மீது குறித்துள்ள வெள்ளைப் புள்ளிக்கு மேலே, பெரும்பாலும் முழுதாகத் திறந்தே கேட்க வேண்டியிருக்கும். இவை அலமாரியில், சுவரையொட்டி வைக்கப் பிறந்தவை. உயரமான ஸ்டாண்டில் நடு அறைக்கு இழுத்தால் பாஸ் மெலிந்துவிடும். உணர்திறனும் குறைவு, மின்தடை 4 ஓம். சின்ன ரிசீவர் சூடேறித் தன்னை அணைத்துக்கொள்ளும் அல்லது வால்யூம் ஏற்றும்போது சக்தி போதாமல் ஒலியலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுக் கிளிப் ஆகும், அந்தக் கிளிப்தான் ட்வீட்டரை எரிக்கும். 4 ஓமுக்குப் பக்கத்துக்கு 60 வாட்டாவது நிதானமாகத் தரும் ஆம்ப் இல்லையென்றால், ஃபோம் வாங்கும் முன் ஆம்புக்குப் பணம் ஒதுக்குங்கள்.