150–600 லென்ஸ்: நெல்லைக் குளங்களிலும் வெளியூரிலும் சில வருஷம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 600 மி.மீ. லென்ஸ், பக்கத்தில் இருக்கிற சின்னப் பறவையைப் பெரிதாக எடுக்கத்தான் லாயக்கு. தூரத்தில் நிற்கிற பெரிய பறவையைக் கிட்டே இழுத்துவரும் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஒரு சீசனுக்குள் அதை விற்பனைக்குப் போட்டுவிடுகிறார்கள். நான் விற்கவில்லை. ஏன் விற்கவில்லை, எங்கெங்கே அது காலை வாரியது என்று எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 150–600 மி.மீ., f/5–6.3 வகை ஜூம் (f எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). இரண்டு மூன்று கம்பெனிகள் இதே அளவில் போடுகின்றன. குணமும் ஏறத்தாழ ஒன்றுதான். எடை இரண்டு கிலோவை ஒட்டி, பில்டர் அளவு 95 மி.மீ. கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி என்கிற சின்ன அளவுச் சென்சார் என்பதால் 600-ல் பார்த்தால் 900 மாதிரி தெரியும். வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் "சவம்". "இந்தச் சவத்தத் தூக்கிட்டு இன்னிக்கு எங்க?" என்று கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு. தேன்சிட்டு 10 செ.மீ. இருக்கும். ஐந்து மீட்டரில் முருங்கைப் பூவுக்கு வந்தால், 600-ல் படத்தின் அகலத்தில் பாதியை அடைத்துவிடும். வரித்தலை வாத்து 75 செ.மீ. வரும். ஆனால் அது 200 மீட்டர் தள்ளி நின்றால் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான். வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் காற்று குறுக்கே வருகிறது.

விஜயநாராயணம் குளத்துக் கரையில் மாசி மாதம் ஒன்பது மணிக்கு மேல் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். வாத்துகள் தெளிவாகத் தெரிகின்றன, போகஸ் விழுந்ததாகக் கேமராவும் சொல்கிறது; வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாம் களிமண் பொம்மை. உடனே லென்ஸ் மேல் சந்தேகம் வரும். அதே இடத்தில் தொடர்ச்சியாக எடுத்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் கழுத்து இடப்பக்கம் நெளிந்திருக்கும், அடுத்ததில் வலப்பக்கம், எப்போதாவது ஒன்றில் நேராக. அது கானல். சூடேறிய தரைக்கு மேலே காற்று அடுக்கடுக்காகக் கொதித்து ஒளியை வளைக்கிறது. பத்து லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவருக்கும் அதே கானல்தான். அவருக்கு இன்னும் துல்லியமாகத் தெரியும், அவ்வளவே.

இதற்கு நான் கண்ட வழி மூன்று. வெயில் ஏறுமுன் முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக்கொள்வது. மழை பெய்து தரை குளிர்ந்த மறுநாள் போவது. மூன்றாவது, காரில் போகிறவர்களுக்கு: ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கொஞ்ச நேரம் பொறுத்து எடுங்கள். உள்ளே இருக்கிற குளிர்காற்று வெளிச்சூட்டோடு கலக்கும்போது கானல் லென்ஸின் வாசலிலேயே ஆரம்பித்துவிடும். இதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

தூரத்துப் படம் முழுக்க வீண் என்றும் சொல்லமாட்டேன். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் மையம்தான் நடத்துகிறது. அப்படி எண்ணப் போகிற இடத்தில், பைனாகுலரில் பிடிபடாத ஒரு வாத்தின் இறக்கைப் பட்டை வெள்ளையா பச்சையா என்று தெரிந்தால் போதும். களிமண் பொம்மையே அதற்குச் சாட்சி சொல்லும். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டத்தான் முடியாது.

ஊருக்குள் எடுப்பதில்தான் இந்த லென்ஸ் தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது. திருநெல்வேலி டவுன் நயினார்குளத்தில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வக்காவும் ஆள் நடமாட்டத்துக்குப் பழகியவை. பிரச்சினை பின்னணிதான்: கரண்ட் கம்பி, பிளாஸ்டிக் பை, ஆகாயத்தாமரை, யாரோ காயப்போட்ட லுங்கி. 600-ல் பார்வைக் கோணம் அவ்வளவு குறுகலானது. இரண்டு அடி நகர்ந்து நின்றால் லுங்கி போய், பின்னால் தூரத்தில் இருக்கும் மரத்தின் பச்சை மட்டும் கரைந்து நிற்கும். இந்த வேலையை 300-ல் செய்ய முயன்றிருக்கிறேன். ஏதாவது ஒரு கம்பி உள்ளே வந்தே தீரும்.

ஆற்றில் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டவுன் ஒரு பக்கம், பாளையங்கோட்டை ஒரு பக்கம் என்று ஆறு நடுவில் வடக்கே பார்த்து ஓடுகிறது. காலையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைக் கரையில் உட்கார்ந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். சாயங்காலம் குறுக்குத்துறைப் பக்கம் போய்விட வேண்டும். மாற்றிப் போனால் பறவை நிழலாகத்தான் விழும். படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டால் மீன்கொத்தியின் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். அதற்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையாமல் வேண்டும். முழு 600-ல் துரத்தாதீர்கள். 400-க்கு இறக்கிப் பறவையைக் கண்டுபிடித்த பிறகு ஏற்றுங்கள். குளிக்க வருகிறவர்கள் இந்தப் பீரங்கியைப் பார்த்தால் கூச்சப்படுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆட்கள் சேர்ந்துவிட்டால் நான் லென்ஸைத் தரையில் வைத்துவிடுவேன். "அண்ணாச்சி, எத்தன மைலுக்கு எட்டும்?" என்பதுதான் வழக்கமான கேள்வி. அஞ்சு மீட்டர் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஆடிக்காற்றைப் பற்றி வெளியூர் விமர்சனங்கள் எதிலும் இருக்காது. ஆனியில் ஆரம்பித்து ஆவணி வரை கணவாய் வழியாக அடிக்கிற காற்றில், லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டும். அந்த மாதங்களில் ஹூட்டைக் கழற்றிவிடுவேன். ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், காற்றடியை அல்ல. போதாததற்குப் புழுதி. ஜூமை நீட்டும்போது குழல் வெளியே வருகிறது, மடக்கும்போது உள்ளே போகிறது. போகிற வருகிற நேரமெல்லாம் காற்றை இழுக்கும், காற்றோடு தூசியும் போகும். தேரிக்காட்டுச் செம்மணல் பக்கம் போனால் ஒரே நீளத்தில் பூட்டி வைத்துவிடுவது உத்தமம்.

கூந்தன்குளத்துக்கு 600 வேண்டியதே இல்லை. மூலைக்கரைப்பட்டி தாண்டி அந்த ஊருக்குள் நுழைந்தால் வீட்டு வாசல் மரத்தில் வர்ண நாரை கூடு கட்டியிருக்கும், அடுத்த மரத்தில் கூழைக்கடா. மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து குளம் பெருகிய வருஷம் என்றால் தெருவே கூடுதான். பறவை பயப்படக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே ஊர்க்காரர்கள் காவல். அங்கே 600-ல் வைத்தால் நாரையின் மூக்கு மட்டும் வரும். 150-கூட நெருக்கம். கேமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸில் கூரையும் மரமும் கூடும் சேர்ந்து வரும் படம்தான் அந்த ஊரின் படம். ஒரு பாட்டி என்னிடம், "மரத்தடிக்குப் போவாதிய. தாய் வெரண்டுச்சுன்னா குஞ்சு கீழ விழுந்துரும்" என்று சொன்னார். கூடு படம் எடுக்க இதற்கு மேல் ஒரு விதி வேண்டாம். திருப்புடைமருதூரும் அப்படியே. நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி மருத மரங்களில் பறவைகள். 2005-ல் அறிவிக்கப்பட்ட, நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகம். கழுத்து வலிக்க அண்ணாந்து எடுக்க வேண்டும், வயிறுதான் வரும். ஆற்றங்கரையில் தள்ளி நின்றால் பறந்து இறங்குவதை எடுக்கலாம். அதற்கு 300 போதும்.

மாஞ்சோலை, காக்காச்சிப் பக்கத்து மழைக்காட்டைப் பற்றி நீட்டுவதற்கு ஒன்றுமில்லை. அனுமதி வாங்கிப் போக வேண்டும், உள்ளே இருட்டு. f/6.3-க்கு அந்த இருட்டில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) 6400-க்கு ஏற்றியும் இருவாய்ச்சி கறுப்புத் துண்டாகத்தான் கிடைத்தது. காட்டுக்கு இது ஆகாது.

வெளியூர்ப் பயணம் இனி. வாகைக்குளத்திலிருந்து, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து, கிளம்புகிற சின்ன விமானங்களில் மேல்தட்டு குறுகல், கைப்பை கணக்கு ஏழு கிலோ. கேமரா, லென்ஸ், சார்ஜர் சேர்ந்தாலே ஏறத்தாழ பாதி போய்விடும். அதனால் நான் ரயில் கட்சி. டெல்லி போகிற திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு ராத்திரிக்கு மேல் ஆகும், ஆனால் பையைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம், யாரும் எடை போடமாட்டார்கள். லென்ஸைத் தாங்குவதற்குப் பயறு மூட்டைப் பை கொண்டுபோவேன், வெறும் பையாக. இறங்கிய ஊரில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பினால் டிரைபாடு தேவையில்லை.

ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவுக்குத் தையில் போனால் பனிமூட்டம் விலக ஒன்பது பத்து மணி ஆகும். மூட்டத்தில் 600 எதையும் சாதிக்காது. மூட்டம் விலகிய பிறகு கிடைக்கும் வெளிச்சம் நம்மூரில் கிடைக்காத வெளிச்சம். குளிரில் தரை சூடேற நேரமாவதால் கானலும் இல்லை. சாரஸ் கொக்கு ஆள் உயரம், அறுபது மீட்டரிலேயே படம் நிறைந்துவிடும். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களுக்குப் பறவை நன்றாகத் தெரியும், அவர்களை நம்பலாம். அங்கே வர்ண நாரைக்காக யாரும் நேரம் செலவழிக்க வேண்டாம். அதுதான் நம் வீட்டு வாசலில் இருக்கிறதே.

உத்தராகண்டின் சாத்தாலில் கதை வேறு. காசு கொடுத்து, படம் எடுக்கப் போட்டிருக்கும் மறைப்புக்குள் உட்கார்ந்தால், தண்ணீர்த் தொட்டிக்கு வெண்கொண்டைச் சிரிப்பான்கள் கூட்டமாக வரும். தூரம் ஐந்தாறு மீட்டர். 600 லென்ஸின் குறைந்தபட்ச போகஸ் தூரம் மூன்று மீட்டருக்குள் என்பதால் தாராளமாகப் போதும். படம் ஒவ்வொன்றும் காலண்டர் தரம். எனக்கு ஏனோ அவற்றைத் திரும்பப் பார்க்கத் தோன்றுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலு பேரிடமும் அதே படம் இருக்கிறது. கொக்கிரகுளத்து மீன்கொத்தி படம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

பராமரிப்பில் இரண்டு விஷயம். பைக்கில் போகிறவர்கள் பையை டேங்கின் மேல் வைக்காதீர்கள். அதிர்வில் மவுண்ட் (லென்ஸ் கேமராவோடு சேரும் வளையம்) திருகுகள் தளரும். முதுகில் மாட்டினால் உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும். குற்றாலச் சாரலுக்குப் பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்காவிட்டால் பூஞ்சை வந்துவிடும். கண்ணாடி உள்ளே படர்ந்தபின் துடைக்க வழியில்லை, பிரிக்கத்தான் வேண்டும்.

புதிது ஒரு லட்சத்தை ஒட்டி வருகிறது, பழையது ஏறத்தாழ பாதிக்குக் கிடைக்கும். பழையது வாங்கினால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, சிலந்திவலை மாதிரி ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து, ஜூம் தானாக நழுவுகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் நழுவினால் பேரம் பேசலாம், கடகடவென்று இறங்கினால் விட்டுவிடலாம். 600-ல் f/6.3 ஒன்று, f/8 ஒன்று என்று பத்து மீட்டரில் ஒரு செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் எழுத்து வாசிக்க முடிந்தால் காசைக் கொடுத்துவிடலாம்.