குடும்பத்தோடு வளாக நடை: சுற்றுச்சாலையா, ஓடுதளமா, தோட்டமா, உள்பாதையா?

பல்கலைக்கழக வளாகத்துக்கு நடக்கப் போகிறவர்களில் பலர் நேராகச் சுற்றுச்சாலையைத்தான் பிடிக்கிறார்கள். ஒரு சுற்று இவ்வளவு கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், வழி தவறாது. தனியாக வேகநடை போடுகிறவருக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் நான்கு வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பெரியவரும் கூட வந்தால், அதைக் கடைசி இடத்தில்தான் வைப்பேன். என் அளவுகோல் ஒன்றுதான்: குழந்தையின் கையைப் பிடிக்காமல் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது?

சுற்றுச்சாலையில் கையை விடவே முடியாது. மணிக்கு 30 கிலோமீட்டர் என்று பலகை வைத்திருந்தாலும், அந்த வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. ஓசையில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் சைக்கிள் தனித் தொல்லை. பாதிச் சுற்றில் பிள்ளை கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டால், முன்னே போனாலும் பின்னே திரும்பினாலும் ஒரே தூரம். தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

விளையாட்டு மைதானத்து ஓடுதளம் இதற்கு நேர் எதிர். உள் தடத்தில் ஒரு சுற்று 400 மீட்டர். எட்டாம் தடத்தில் 450 மீட்டரைத் தாண்டும். வண்டி வராது, தரை சமமாக இருக்கும், யார் எங்கே நின்றாலும் கண்ணுக்குத் தெரிவார்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர் களைத்தால் பார்வையாளர் படியில் உட்கார்ந்துகொள்ளலாம். மற்றவர்கள் சுற்றி அவரிடமே வந்து சேர்வார்கள். வெயில் நேரத்தில் செயற்கைத் தளம் கொதிக்கும். தள்ளுவண்டிச் சக்கரத்தைப் பல இடங்களில் அதன்மேல் ஏற்ற விடமாட்டார்கள். உள் தடங்கள் ஓடுகிறவர்களுக்கானவை, அங்கே குழந்தையை விடுவது இரு தரப்புக்கும் ஆபத்து. இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம், சலிப்பைத்தான் சமாளிக்க முடியாது. இரண்டு சுற்று முடிவதற்குள் பிள்ளைகள் நீளம் தாண்டும் மணற்குழியில் இறங்கிவிடுவார்கள். அன்றைய நடை அத்தோடு சரி.

தாவரவியல் தோட்டம் உள்ள வளாகம் என்றால் யோகம்தான். ஆனால் அது பூங்காவாகப் பிறந்ததல்ல, பாடம் நடத்தப் பிறந்தது. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகம் 1545-இல் தோட்டம் போட்டது மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை இனம் காண்பதற்காக. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு தோட்டம் 1621-இல் வந்தது. அந்த வழக்கத்தில் வந்த தோட்டங்களில் செடிக்குச் செடி பெயர்ப்பலகை இருக்கும், தாத்தாவும் பேத்தியும் நின்று நின்று படிக்கலாம். அதே காரணத்தால் அரளியும் ஆமணக்கும்கூட இருக்கும். அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. கண்டதை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையின் கையை அங்கே விட முடியாது. நடந்த தூரமும் சொற்பமாகவே இருக்கும்.

என் ஓட்டு, நூலகத்துக்கும் துறைக் கட்டடங்களுக்கும் இடையில் ஓடும் உள்பாதைகளுக்கு. வண்டிகளைத் தடுக்கக் குத்துக்கல் நட்டிருந்தால் கையைத் தாராளமாக விடலாம். நாலு எட்டுக்கு ஒரு திருப்பம், ஒரு பெஞ்சு, தாவி ஏறுவதற்கு ஒரு திண்ணை. களைத்தால் குறுக்கே புகுந்து திரும்பிவிடலாம். வகுப்பு மாறும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் ஓரமாக நின்றுவிடுங்கள். கூட்டம் வந்த வேகத்திலேயே கலைந்துவிடும்.

தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ கூட வந்தால் கதை கொஞ்சம் மாறும். பழைய வளாகங்களில் கட்டடங்களை உயர்ந்த படிகளோடு கம்பீரமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். சரிவுப்பாதைக்குப் பரவலாகப் பின்பற்றும் அளவு 1:12. அதாவது 60 சென்டிமீட்டர் ஏறுவதற்கே 7 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். அவ்வளவு இடம் முகப்பில் கிடைக்காததால் அதைப் பெரும்பாலும் கட்டடத்தின் பின்புறத்தில் ஒளித்துவைத்திருப்பார்கள். மழைநீர் வடிகால் மூடியையும் கவனியுங்கள். அதன் கம்பிகள் நீங்கள் போகும் திசையிலேயே நீண்டிருந்தால் முன்சக்கரம் இடுக்கில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். வண்டியைச் சாய்வாகத் திருப்பிக் கடக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளுவண்டியில் கட்டிவைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இறக்கிவிட்டு ஓடவிடுவதற்கும் உள்பாதைதான் தோது.

உள்பாதை தோற்பது ஒரே இடத்தில்: கழிப்பறை. விடுமுறை நாளில் துறைக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கும், மைதானத்தில்தான் ஏதாவது திறந்திருக்க வாய்ப்பு. இப்போதுதான் டயப்பரை விட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், விடுமுறை நாட்களில் சலிப்பைப் பார்க்காமல் ஓடுதளத்துக்கே போங்கள்.